அப்ரான் கடைசியாச் சொன்னது

இல்ல ஜட்ஜம்மா, எழுதிக் குடுக்க வேண்டாம், வாயாலயே சொல்லிடறேன். செத்தவனோட அம்மா பேசலாம்னு சட்டத்துலயே இருக்குதாமே. உக்காரல்லாம் வேணாம், நின்னுக்கிட்டே பேசுறேன்.

அந்தா, கைதிச் சட்டையில தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கானே ஹெர்மிலோ, அவன்தான் என் புள்ள அப்ரானக் கொன்னவன். ராவும் பகலும் மாட்டுப் பண்ணையில பால் கறந்துட்டு, வண்டி ஓட்டும்போது கண்ணசந்துட்டான். எதிர்ல என் புள்ள மோட்டார் சைக்கிள்ல வந்தான். குத்தத்த ஹெர்மிலோவே ஒத்துக்கிட்டான், அதப் பத்தி நான் பேச வரல.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அவன நன்னடத்தையில வெளிய விடுங்க. மாசாமாசம் ஆபீசர்கிட்ட கையெழுத்துப் போட்டுக்கிட்டு இந்த ஊர்லயே கெடக்கட்டும்.

ஆமாம்மா, சர்க்கார் வக்கீல் தம்பி சொன்னதையும் கேட்டேன். குடியுரிமைக் காகிதம் இல்லாதவன் இங்க நிக்கிறதே குத்தமாம், அவன நன்னடத்தையில விட்டு, சட்டத்த மதிச்சு நடன்னு எப்படிச் சொல்றதாம். ஜெயில்ல போட்டு, அங்கருந்தே எல்லை தாண்டி அனுப்பிடணுமாம். நல்லாருக்கே கூத்து! கையில காகிதத்த வச்சுக்கிட்டு என் புள்ளயக் கொன்னிருந்தா விட்டுருப்பீங்க, அப்படித்தான?

சரி சரி, கத்தல. தப்பா நெனைக்காதீங்க.

மன்னிச்சிட்டேனான்னா கேக்குறீங்க? ஐயோ, இல்லம்மா. அவன் மூஞ்சியப் பாத்தா இன்னும் வயிறு எரியுது. காறித் துப்பணும்னுதான் மொதத் தடவ ஜெயிலுக்குப் போனேன். நடுவுல கண்ணாடி, ஃபோன்லதான் பேசணும். வாயில வந்ததெல்லாம் திட்டித் தீத்தேன். அவன் அழுதுக்கிட்டே சொன்னான், அம்மா, உங்க புள்ள என் மடியிலதான் போனான், உங்களத்தான் கூப்பிட்டான்னு.

வேற என்னடா சொன்னான்னு கேக்க அடுத்த ஞாயித்துக்கிழமையும் போனேன். குளிருதுன்னானாம். அதுக்கடுத்து போனப்ப, அம்மா கையால சாப்பிடணும்னானாம். வாராவாரம் இப்படி ஏதாச்சும் ஒண்ணு. இப்பல்லாம் நான் சர்ச்சுல பூசைக்குக்கூடப் போறதில்ல, நேரா அங்கதான்.

டாக்டரா? அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. விழுந்த எடத்துலயே உசுரு போயிடுச்சு, ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டான்னு. தெரியும்மா எனக்கு.

போன வாரம் சொன்னான், நாய்க்குச் சாப்பாடு வைக்கச் சொன்னானாம் அப்ரான். எங்க வீட்ல நாயே கெடையாது. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் ஒரு தட்டுல ரொட்டியும் பீன்ஸும் போட்டு வாசல்ல வச்சேன். இன்னைக்கும் வச்சிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்திருக்கேன்.

அனுப்பிடாதீங்க ஜட்ஜம்மா. இந்த வாரம் என் புள்ள என்ன சொன்னான்னு நான் இன்னும் கேக்கல.