கெட்ட செய்தி இல்லாத சேனல்

சேனல் எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் லோக்கல் கேபிள் சேனல் முதலில் 17. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு எண் மூன்று முறை மாறியது. ஒரு நாள் ரிமோட்டை வைத்துக்கொண்டு நானே கால்மணி நேரம் தேடினேன். அந்தச் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நான்தான்.

அதனால் எண்ணை விட்டுவிட்டு ஒரு பெயரைப் பிடித்தேன். ‘இனிமை டிவி, கெட்ட செய்தி இல்லாத ஒரே சேனல்.’ சிரிக்கும் சூரியனைச் சின்னமாக நானே வரைந்தேன். பார்த்தவர்கள் பூசணிக்காய் என்றார்கள். வாசகத்தை மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. விபத்து, கொலை, சாவு எதுவும் கிடையாது. உற்சவம், கச்சேரி, சமையல். ஆறே மாதத்தில் மயிலாப்பூர் மாமிகள் “இனிமையைப் போடுங்கோ” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த டிசம்பர் மழையில், பகல் இரண்டு மணிக்கு, ஆற்றுப் பாலத்திலிருந்து எங்கள் கேமராமேன் காஷிஃப் போன் செய்தான்.

“சார், ஏரிய தொறந்து உட்டுட்டாங்களாம். ஆத்தோரம் கீற வூடெல்லாம் காலி பண்ண சொல்லி மைக்ல கத்திக்கினு போறாங்க. கீழ ரெண்டு வரி ஓட உடு சார்.”

“அது கெட்ட செய்தி ஆச்சேப்பா.”

“இன்னா சார் நீ. உன் வூடே அங்கதான கீது.”

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து வருஷம் கட்டிய பெயர், இரண்டு வரியில் போய்விடும். ‘மழையை ரசியுங்கள். நான்கு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி’ என்று ஓடவிட்டேன். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

மூன்று மணிக்கு என் மனைவி ஹம்சா கூப்பிட்டாள். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

“ஏன்னா, எதிராத்துக்காரா மூட்டை கட்டிண்டிருக்கா. உங்க சேனல்ல ஒண்ணையும் காணோமே. கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?”

வீட்டுக்கு ஒரு செய்தி, ஊருக்கு ஒரு செய்தி என்று நான் நடந்துகொண்டதில்லை.

“நம்ம சேனல்ல வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்” என்றேன்.

“அப்போ பஜ்ஜியைப் பார்க்கறேன். போன வாரம் அந்த மாமி மாவுல உப்பே போடலை” என்று சிரித்தாள்.

ஐந்து மணிக்கு ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பிழைத்தார்கள், அவர்கள் வீட்டில் கேபிள் கிடையாது, டிஷ். ஹம்சாவோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். ஏழு பேரும் எங்கள் நேயர்கள். எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் காஷிஃப் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம அம்மா போட்டோவையாச்சும் சேனல்ல போடலாம் சார்” என்றான். வேண்டாம் என்றேன். என் மனைவி என்பதற்காக விதியைத் தளர்த்தினால், மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் என்னை என்ன நினைப்பார்கள்?