குளிர் அறைக்கு மாற்றப்பட்ட சாட்சி

இந்த அறையில் குளிர் கொஞ்சம் அதிகம், வக்கீலம்மா. குறைத்தால் நல்லது. நான் சொல்வதை அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்யட்டும். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

கம்பெனி வக்கீல் மேசைக்கடியில் என் காலை மிதிக்கிறார். காரில் வரும்போதே சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். நியாயம் பேச ஆரம்பிச்சா கேஸ் போயிடும்." நியாயம் என் பக்கம் இருக்கும்போது ஏன் பேசக் கூடாது?

அலபாமாவில் அந்தக் கோழி ஆலையை நடத்துபவன் நான். உங்கள் கட்சிக்காரி வெர்லீன் பெட்வே அங்கே கோழி வெட்டுபவள். கறுப்பினப் பெண் என்பதால் மேற்பார்வை வேலை தரவில்லை என்று அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தாள். அவர்கள் வழக்குப் போட அனுமதித்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் தள்ளுபடி கேட்டோம், நீதிபதி மறுத்துவிட்டார். அடுத்தது இதுபோல வக்கீல் அலுவலகத்தில் வைத்து நடக்கும் சாட்சி விசாரணை. "கறுப்பு ஆளுங்க சொன்னா எவன் கேப்பான்?" என்று நான் அவளைப் பற்றிப் பேசினேனாம். அதைக் கேட்டதாகச் சொல்ல ஒரே ஒருவன் இருந்தான், பொட்டலம் கட்டும் க்ளீவன் டூலி. அவனும் கறுப்பினத்தவன்.

அவனைச் சாட்சியாக நீங்கள் அறிவித்த வாரமே உறைகுளிர் அறைக்கு மாற்றினேன். ஆலையில் ஆள் மாற்றுவது என் உரிமை.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "சார், என் நெஞ்சு விஷயம் உங்களுக்கே தெரியும். குளிர்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கோட்டு போட்டுக்கோ, க்ளீவன்."

சிரித்தான். "கோழியைக்கூடச் செத்தப்புறந்தான் சார் அங்க அனுப்புறீங்க."

நகைச்சுவை உள்ளவன்தான். மற்றவர்கள் அவ்வப்போது வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள். லாரி நிரம்பும்வரை அவன் வரக் கூடாது என்றேன். கதவைப் பூட்டவில்லை, கவனியுங்கள். வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். லாரி நிரம்பிய பிறகுதான் அவன் செத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள்.

நெஞ்சு தாங்காது என்று தெரியுமா? தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

ஆனால் இதற்கும் வெர்லீன் நிறத்தைக் காரணம் சொல்கிறாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பதிந்துகொள்ளுங்கள்: நான் நிறம் பார்ப்பவன் அல்ல. எனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கிளம்பியவன் வெள்ளைக்காரனாக இருந்திருந்தாலும் அதே அறைக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

பாருங்கள், என் வக்கீல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கே என் நியாயம் புரிந்துவிட்டது.