வலி இல்லாத காது

கிராமபோன் ஊசியை இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சீனி முகம்மது மாற்றவே மாட்டார். தொண்டிக் கடைத்தெருவில் அவருடைய டீக்கடை இசைத்தட்டுகள் எல்லாம் கரகரத்ததற்கு அதுதான் காரணம். பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலில் சொல்வது, நான் பாட்டை எவ்வளவு மதிக்கிறவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

என் பெயர் கூத்தையா. சொந்த ஊர் அபிராமம். இங்கே ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷமாகக் கம்பவுண்டர். சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். வருஷவாரியாகத் தைத்து அட்டை போட்டவை. சிலோன் ரேடியோவில் என்றைக்கு என்ன பாட்டு வைத்தார்கள் என்று ஆறு நோட்டு நிறைய எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீனி முகம்மது கடையில் போட்டி நடக்கும். இருபது பேராவது கூடுவார்கள். அவர் தட்டை மறைத்து வைத்து ஊசியைப் போடுவார். என்ன படம், யார் பாடியது, யார் இசை, எந்த வருஷம், தட்டின் மறுபக்கம் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். பந்தயம் கிடையாது. தோற்றவன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து வருஷம் நான் எழுந்து நின்றதில்லை. பாட்டுக் கம்பவுண்டர் என்றால் கடைத்தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

ஐம்பத்தேழில் கில்பர்ட் வந்தான். காரங்காட்டு மீனவன். பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிடுவான். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஒரு பாட்டுப் புத்தகம்கூட வாங்கியதில்லை. முதல் நாள் சீனி முகம்மது ஊசியைப் போட்டதும், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, அந்தக் கரகரப்பிலேயே படத்தின் பெயரைச் சொன்னான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு இரைச்சல் உண்டு என்றான். கடைத் தட்டுகளைப் பழகி வைத்திருக்கிறான் என்று நான் சொன்னேன். கொழும்பிலிருந்து புதுத் தட்டு வந்தது. முதல் வயலின் இழுப்பில் அதையும் சொன்னான்.

நான் புத்தகத்திலிருந்து கேட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டுக்குப் புத்தகத்தில் மூன்று சரணம், தட்டில் இரண்டுதான். விட்டுப்போன சரணம் எது என்றேன். டூரிங் டாக்கீசில் ஒரே தடவை கேட்டதாகச் சொல்லி, அதை முழுக்கப் பாடினான். பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நான் எழுந்து நின்றேன். தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஞானம் யாரிடம் இருந்தாலும் மதிக்க வேண்டும்.

பதினைந்தாவது ஞாயிற்றுக்கிழமை அபிராமத்திலிருந்து வேல்சாமி வந்திருந்தார். தங்கை இராமலட்சுமியை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துப் போக வந்தவர். கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கில்பர்ட்டிடம் ஒரு படகுப் பாட்டைச் சொல்லி, மறுபக்கம் என்ன என்று கேட்டேன். அந்த மறுபக்கத்துப் பாட்டைத்தான் அவன் தினமும் வலை இழுக்கும்போது பாடுவான். கரையில் நிற்கிற எல்லாருக்கும் அது தெரியும். அவன் என்னைப் பார்த்தான், வேல்சாமியைப் பார்த்தான். மெதுவாக எழுந்து நின்றான்.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றான்.

கடை சிரித்தது. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்று புரிந்ததும் வேல்சாமியும் சிரித்தார். நல்லவர், தங்கையைக் கொடுத்தார். இராமலட்சுமியால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கில்பர்ட் எனக்கு நல்லது செய்ய நினைத்தான் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவனை இருபது பேர் நடுவில் பிச்சைக்காரனாக்கிவிட்டு அதை நல்லது என்று நினைக்கிற மனசு இருக்கிறதே, அது ஒரு நோய். யாராவது சரிசெய்ய வேண்டும்.

எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாசம் கில்பர்ட்டுக்குக் காது வலி. கடலில் முங்கி எழுகிறவர்களுக்கு வருவதுதான். டாக்டர் பார்த்து, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு இராமநாதபுரம் கிளம்பிப் போய்விட்டார். மருந்து கலப்பது என் வேலை. அன்றைக்கு நான் கலக்கவில்லை. தண்ணீர் சேர்க்காமல் யாரும் தொடக்கூடாத புட்டி ஒன்று மேல் அலமாரியில் இருந்தது. அதிலிருந்து எடுத்தேன்.

பெஞ்சில் இடது காது மேலே இருக்கும்படி படுத்தான். விட்டதில் கொஞ்ச நேரம் துடித்தான். எரிந்தால்தான் கேட்கும் என்று சொல்லி, பஞ்சு வைத்து, தலையைப் பிடித்துவிட்டேன். பிறகு திரும்பிப் படுக்கச் சொன்னேன்.

"அது நல்லாத்தானேண்ணே இருக்கு? அதுல வலி இல்லையே."

"பரவிரும் கில்பர்ட்டு. முன்னாடியே விட்டுக்கிட்டா நல்லது."

அவனாகத்தான் திரும்பிப் படுத்தான், ஐயா. நான் கட்டாயப்படுத்தவில்லை. விடுமுன் அந்தப் படகுப் பாட்டின் மறுபக்கம் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான். சரியான பதில்.

கிருமி உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். நம்பினார். இரண்டு காதும் போயின. இதைப்பற்றி நீங்கள் கேட்கவில்லை, தெரியும். எழுதும்போது முழுசாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மூன்று மாசம் அவன் கடைப்பக்கம் வரவில்லை. எல்லாப் பதிலையும் நானே சொன்னேன். ஆனால் கேட்க ஆளில்லை. கூட்டம் ஆறேழு பேராகக் குறைந்தது. சீனி முகம்மது தட்டை மறைத்து வைப்பதையும் விட்டுவிட்டார். அவன் இல்லாமல் போட்டியில் சுவையில்லை என்று என்னிடமே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி லீமாரோஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். பேச்சு கொஞ்சம் குழறியது. கிராமபோன் பெட்டியருகே உட்கார்ந்து, வலது கை விரல்களை அதன் மரத்தில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். சீனி முகம்மது ஊசியைப் போட்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். படம், பாடியவர், வருஷம், மறுபக்கம், எல்லாம் சொன்னான். தட்டு இரண்டாவது சரணத்தில் கீறல் பட்டிருக்கிறது என்பதையும் சொன்னான். பெரிய பெரிய ஆண்கள் அழுதார்கள். அடுத்த வாரம் கடை நிரம்பி, தெருவில் நின்றார்கள்.

அன்றைக்கு நான் தோற்று எழுந்து நின்றேன். 'எனக்குத் தெரியாது' என்று சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. லீமாரோஸ் அவனைத் தொட்டு என்னைக் காட்டினாள். அவனுக்குப் புரியும்படி நான் கையை விரித்துத் தலையை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அவன் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

நீங்கள் என்னைக் கூட்டிவந்த விஷயம் அதற்கு அடுத்த மாசம் நடந்தது. கெளுத்தி முள் வலது கை நடுவிரலில் ஏறிவிட்டது என்று அவன் எங்களிடம் வந்தான். திருவாடானை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று லீமாரோஸ் சொல்லியிருக்கிறாள். கூத்தையா அண்ணன் இருக்கும்போது அங்கே எதற்கு என்று அவன்தான் இங்கே வந்தான். ஒன்பது நாள் கட்டு மாற்றினேன். கட்டுக்குள் என்ன வைத்தேன் என்பதை உங்களிடம் இருக்கிற துணியே சொல்லும். எவ்வளவு இறுக்கினேன் என்பதை மதுரை டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். டாக்டர் ஒருமுறை பிரித்துக் காட்டச் சொன்னார். ஆறி வருகிறது, காற்றுப்பட வேண்டாம் என்றேன். நாற்றம் வந்ததும் லீமாரோஸ் அவனை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவள் அந்தத் துணியைத் துவைக்காமல் சுருட்டி வைத்திருந்தாள். அவள் படித்தவள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சாடையில சொல்லிக் காட்டியும் நம்ப மாட்டேங்கிறாரு. கூத்தையா அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாகன்னு என்னையத்தான் கோவிக்கிறாரு," என்றாள்.

அவன் என்னைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறான். எனக்கு அவன்மேல் பகை இல்லை. பகையிருந்தால் உயிரை எடுத்திருப்பேன். அதற்கும் மேல் அலமாரியில் மருந்து இருந்தது. ஒரு மனுஷன் தன் அளவுக்கு மேல் வைத்திருந்ததைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. காதில் ஊற்றியதும் நான், கையை அழுகவிட்டதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது நாளும் அவனுடைய இடது கையும் என் மேசைமேல்தான் கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. என்னை இரக்கமில்லாதவன் என்கிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.