ரெண்டு பேருக்கு எடுத்த மூணாறு ரூம்பு

இல்லைங்க தம்பி, மலிவுங்கறதுல சந்தேகமே வேண்டாம். இதே ரூம்ப நீங்க நேரா அந்த மூணாறு ரிசார்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டா ஒரு ராத்திரிக்கு ஒம்பதாயிரம் சொல்லுவான். நாங் கேக்கறது அதுல பாதிகூட வராது. நா மெம்பரா இருக்கற டூர் கிளப்புக்கு வருசா வருசம் மெயிண்டனன்ஸுன்னு கட்டறமில்லீங்க, அது கைக்கு வந்தாப் போதும். அடுத்த வெசாளக்கெழம உள்ள போறது, ஞாயித்துக்கெழம வெளிய வாரது. எடுக்கறதா வேண்டாமான்னு நல்லா ரோசனை பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னால இதுல இருக்கற வில்லங்கத்தையும் சொல்லிப்போடறேன். எருமப்பட்டிக்காரன் ஏமாத்திப்போட்டான்னு நாளைக்கு நீங்க சேலத்துல போயிச் சொல்லப்படாது.

எளநியக் குடிங்க, குடிச்சுக்கிட்டே கேளுங்க. பள்ளிபாளையத்துல எங்க சொந்தத்துல, ஒறம்பரைப் பையன் ஒருத்தன், மதன்னு பேரு, தறி போட்டிருக்கறான். ஒரு ஏஜெண்டுகிட்ட இதே மாதிரி, மெம்பருக்குத் தங்கறதுக்குன்னு கிளப்பு குடுக்கற பாயிண்டுல, ரூம்பு எடுத்தானுங்க. போன்லயே பணத்தையும் போட்டுட்டான். பொண்டாட்டி, கொழந்தைக, மாமியாரு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ஊட்டி போய்ச் சேந்தா, கவுண்டர்ல இவம்பேரே இல்லை. அந்த ஏஜெண்டு ஒரே ரூம்ப மூணு பேருத்துக்குக் குடுத்துப்போட்டானாமா. குளுர்ல கார்லயே படுத்துக் கெடந்துட்டு வந்தாங்க. மாமியாக்காரி இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டேதான் இருக்கறா.

அது ஒண்ணா? ரூம்பு எம்பேர்லதானுங்க இருக்குது. நீங்க மலை ஏறிக்கிட்டு இருக்கறப்ப எனக்குக் கிறுக்குப் புடிச்சா, இங்க உக்காந்துக்கிட்டே போன்ல கேன்சல் பண்ணிப்போடலாம். கிளப்புக்காரன்கிட்டப் போயி நின்னீங்கன்னா, வாடகைக்கு உடச்சொல்லி நாங்களா சொன்னோம்னு கைய விரிச்சிருவான். மெயிண்டனன்ஸ் கட்டாத ஆளுகிட்ட எடுத்துட்டாலும் வம்புதான், சாவியே தர மாட்டான். நாங் கட்டிட்டேன், ரசீதக் காட்டறேன். உங்க பேரை ஏத்தி, புக்கிங் சீட்டு உங்க போனுக்கு வந்து சேந்த பொறவுதான் நீங்க பணத்த எடுக்கோணும். எங்கிட்டன்னு இல்லீங்க, யாருகிட்ட எடுத்தாலும் அப்படித்தான். சோறு தனிக்காசு. அங்க ஒரு தோசை வெலையக் கேட்டா இருக்கற பசியும் போயிரும்.

நானே ஏன் போகலைங்கறீங்களா? அதைச் சொல்றனுங்க, சித்தெ இருங்க.

இந்தக் கிளப்பு மெம்பருங்கற கருமாந்தரத்த எடுத்தது எப்படின்னு கேளுங்க மொதல்ல. அரை நாள்ல துணி எடுத்துட்டு வந்தர்லாமுன்னு சேலம் போயிருந்தோம். டை கட்டுன பையன் ஒருத்தன், உங்களுக்குப் பரிசு உழுந்திருக்குதுங்கன்னு ஏசி ரூம்புக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சான். படமாக் காட்டறான், பேசறான், பேசறான், நிறுத்தவே மாட்டீங்கறான். நா எந்திரிச்சிட்டேன். எங்கூட்டுக்காரி சௌந்திரம் மட்டும் அந்த மலைப்படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. இங்கெல்லாம் சும்மா உக்காந்திருக்கறதுக்குன்னே போவாங்களான்னு அந்தப் பையனைக் கேட்டா பாருங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

போட்டுட்டு? கோழிப்பண்ணைக்காரன் எங்கீங்க போறது. கோழிக் கொட்டாயி மூணு செட்டு. ஒண்ணுல குஞ்சு வளந்துக்கிட்டு இருக்கும், ஒண்ணு முட்டையில இருக்கும், ஒண்ணு முட்டை ஓஞ்சு கழிக்கற பருவத்துல நிக்கும். அப்படி மாத்தி மாத்தி உட்டாத்தான் முட்டை லாரி தெனமும் வாசல்ல வந்து நிக்கும். கோடையில கரண்டு போயித் தண்ணி நின்னுச்சுன்னா, மத்தியானத்துக்குள்ள அத்தனையும் செத்து உழுந்துரும். வேலைக்காரங்கள நம்பி உட முடியாது. அதனால ஊட்டு ஆளு ஒருத்தரு இருந்தே ஆவோணும். மவ நர்மதா வளைகாப்புக்குச் சௌந்திரம் போனா, கொழந்தை பாக்க நா போனேன். மவ கலியாணத்தத் தவுத்து, சேந்து ஒரு கலியாணத்துக்குப் போனதில்லீங்க நாங்க.

சிரிக்காதீங்க, இன்னங் கேளுங்க. பாயிண்டு காலாவதியாவுதுன்னு கிளப்புலருந்து போன் மேல போன். வீணாப் போவுதேன்னு அவதான் என்னைத் தாட்டி உட்டா, மச்சாங்கூடப் போயிட்டு வாங்கன்னு. போனேன். சன்னலத் தொறந்தா மஞ்சு உள்ள வருது. போனப் போட்டு அவகிட்டச் சொல்றேன், அவ அக்கட்டால, தண்ணி டேங்கு நெறைஞ்சுது, மோட்டார நிறுத்துன்னு யாரையோ சத்தம் போடறா. அடுத்த வருசம் அவ தங்கச்சியக் கூட்டிக்கிட்டு அவ போனா, நா பண்ணையப் பாத்தேன். அதே ரிசார்ட்டுதான். போன் பண்ணிக் கேக்கறா, ஏனுங்க, நீங்க எந்த நாற்காலியில உக்காந்திருந்தீங்கன்னு. சாப்பாட்டு ஹால்ல பரிமாறற பையன், சார் வரலீங்களான்னு கேட்டிருக்கறான். சார் அங்க கோழி பாக்கறாருன்னு சொன்னாளாமா.

புருசன் பொண்டாட்டிக்குன்னு எடுத்ததுக்கு இப்படித்தான் முறை வெச்சுப் போயிட்டு வந்தோம். ஊரே எங்களக் கேலி பண்ணும்.

வந்ததும் உங்களுக்கே தோணியிருக்கும், பண்ணைன்னு சொன்னானே, சத்தத்தையே காணமேன்னு. மூணு செட்டும் காலிங்க. அவ பல வருசமாக் கேட்டுக்கிட்டு இருந்தா, ஒருக்கா மூணையும் சேத்துக் காலி பண்ணுங்க, நாலஞ்சு மாசம் முட்டை இல்லைன்னா செத்தா போயிருவோமுன்னு. நாந்தான் லாரி நின்னு போயிரும், ஏவாரி வேற பண்ணைக்குப் போயிருவான்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இந்த வருசம் செரின்னுட்டேன். முட்டைக்கோழியெல்லாம் கழிச்சுட்டு, வளந்துக்கிட்டிருந்த குஞ்செல்லாம் பக்கத்து மயில்சாமி பண்ணைக்கு வெலைக்குக் குடுத்துட்டேன். பைத்தியக்காரா, முட்டைக்கு வார நேரத்துல குடுக்கறயேன்னான். ஆமாப்பா, பொண்டாட்டியோட டூர் போறேன்னேன். அதை அவங்கிட்டச் சொல்றப்ப எனக்கு எத்தனை பெருமைங்கறீங்க. அப்பப் போட்ட ரூம்புதான் இது. அவ ஸ்வெட்டர்கூட வாங்கி வெச்சுட்டா.

என்னங்க? அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்கறீங்களா? அவ இல்லீங்க தம்பி. போன மாசந்தான் தவறிட்டா. நெஞ்சு அடைக்குதுன்னா, நாமக்கல் கொண்டுபோய்ச் சேக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

உக்காருங்க, எந்திரிக்காதீங்க. உங்களுக்கெப்படித் தெரியும்.

மவ சொல்றா, அப்பா நீங்களாச்சும் போயி நாலு நாள் இருந்துட்டு வாங்கன்னு. அது வேண்டாமுங்க. அன்னைக்கு அவளை உட்டுட்டுப் போனேன்னா, அவ ஊட்ல இருந்தா, திரும்பி வந்தேன்.

நெசத்தச் சொல்லிர்றேன். இத்தனை வில்லங்கத்தையும் ஒண்ணு உடாமச் சொன்னது, நீங்க பயந்துக்கிட்டு வேண்டாமுன்னு போயிருவீங்கன்னுதான். நேத்து ஒருத்தரு வந்தாரு, அவரையும் இப்படியே பேசித் தாட்டி உட்டுட்டேன். யாரும் எடுக்கலைன்னா அந்த வெசாளக்கெழம வரைக்கும் ரூம்பு எங்க பேர்லதானே இருக்கும். ஆனா நீங்க கலியாணமாகி இன்னும் ஊட்டம்மிணிய எங்கயும் கூட்டிட்டுப் போகலைங்கறீங்க. நாளைக்குப் போவோம் நாளைக்குப் போவோமுன்னு இருந்துராதீங்க சாமி. எடுத்துக்குங்க.

இந்தாங்க, போனப் புடிங்க. இதுல பேரு மாத்தற எடம் வந்திருக்குது பாருங்க. மேல எம்பேரு, வெள்ளியங்கிரின்னு இருந்தது, அதை நானே அழிச்சுட்டேன். கீழ இருக்கறது அவ பேரு. காத்தாலருந்து மூணு தடவை அதுமேல வெரலக் கொண்டுபோயிட்டேன், கை வரமாட்டீங்குது. நீங்களே அழிச்சுட்டு, அங்க உங்க ஊட்டம்மிணி பேரைப் போட்டுக்குங்க.