பெரகல ஜெட்டும் பெருந்தகை இரகுநாதன் ஐயாவும்

மேட்டுக்கு ஒரு மூச்சும் பள்ளத்துக்கு ஒரு மூச்சுமாக எங்கள் தோட்டக் கம்பனி மோட்டார் சைக்கிள்களுக்கு முப்பத்தோராண்டு மூச்சளந்து கொடுத்த மெக்கானிக்கே! யாழ்ப்பாணத்தில் பிறந்து ஊவாத் தோட்டங்களுக்கே உரியவராகிவிட்ட உத்தமரே! பதுளை மோட்டார் வேலைத்தளத்தின் பண்பாளரே, பொறுமையின் பெட்டகமே, எங்கள் இரகுநாதன் ஐயா அவர்களே, அன்பு வணக்கம்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். காற்று மெலிந்தால் பெற்றோல் மிஞ்சும். பெற்றோல் மிஞ்சினால் வண்டி கரும்புகை கக்கி இருமும். ஆகவே மேட்டு ஊருக்குச் சிறுதுளை ஜெட், பள்ளத்து ஊருக்குப் பெருந்துளை ஜெட் என்று, கார்பரேட்டருக்குள் இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டை ஊர் பார்த்து மாற்றிக் கொடுத்தீர்கள். எங்களுக்கு எண்கள் குழம்பும் என்று ஜெட் வைக்கும் டின்களில் பெரகல, தெமோதரை, கொஸ்லந்த என்று ஊர்ப்பெயரையே எழுதிவைத்தீர்கள். இடமாற்றக் கடிதம் பெற்ற தோட்ட உத்தியோகத்தர் புதிய துரையைப் பார்ப்பதற்கு முன் தங்களைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். மழையில் நனைந்து வந்தவரிடம் சுகம் விசாரிக்கு முன்பே அவர் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியின் நிறம் பார்க்கும் தங்கள் பழக்கத்தையும் இன்று மன்னித்துவிட்டோம்.

இப்பிரியாவிடை மடலை எழுதும் பொறுப்பைச் சதீசனிடம் கொடுத்தோம். தங்களிடம் தொழில் பழகி, இன்று தங்கள் இடத்துக்கு வருபவர் அவர். நான்கு நாட்கள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். கடதாசி விற்கிற விலைக்கு இது கட்டுமா என்று கேலி செய்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக மறைத்த ஒன்றை இதில் எழுதுவதா விடுவதா என்ற தவிப்பு அவருக்கு. கடைசியில் எழுதிவிட்டார். அதையே எல்லோர் சார்பிலும் வாசிக்கிறோம்.

தோட்டத்துக் குழந்தைகளின் காப்பகங்களான பிள்ளைமடுவங்களைப் பார்த்துவந்த சிவரூபி அவர்கள் அந்த ஆண்டு மேட்டுப் பெரகலையிலிருந்து பள்ளத்துக் கொஸ்லந்தைக்கு மாறினார். அவருடைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஜெட் மாற்றும் வேலை சதீசனிடம் வந்தது. சதீசன் அப்போது தற்காலிக ஊழியர். நிரந்தரமாவதற்கு இரண்டு மாதங்களே இருந்தன. அன்று தெமோதரையில் தேர். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வண்டியைக் கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்தார். குறையில்லாமல் ஓடியது. இது போதும் என்று நினைத்துக் கார்பரேட்டரைத் திறக்காமலே, "மாத்திட்டேங்க" என்றார். தாங்கள் நம்பிக் கையெழுத்திட்டீர்கள்.

மூன்றாம் நாள், கொஸ்லந்தைக்குக் கீழே வெல்லவாய வீதியின் சமதரையில் சிவரூபி வேகமெடுத்தபோது, பெரகல ஜெட் தந்த பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகியது. சக்கரம் ஓட்டத்திலேயே நின்றது. விழுந்தவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

விசாரணையன்று கையில் கிரீஸ் காயாமல் கதவோரம் நின்றார் சதீசன். வேலை செய்தவன் யார் என்று முகாமையாளர் மூன்று முறை கேட்டார். பெயர் வந்தால் அன்றோடு வேலை போய்விடும். வீட்டில் வேறு யாரும் உழைக்கவில்லை. தாங்களோ அவர் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"திறந்து பாக்காமல் கையெழுத்து வைச்சது நான். பிழை என்ர" என்றீர்கள்.

சதீசன் வாயைத் திறக்கவில்லை. தங்கள் கோப்பில் 'கடமையில் கவனக்குறைவு' என்று குறிப்பு ஏறியது. அவ்வாண்டு தங்களுக்கு வரவேண்டியிருந்த பிராந்தியப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. தாங்கள் சதீசனை ஒரு சொல் ஏசவில்லை. கழற்றிய ஜெட்டைத் தங்கள் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் கையெழுத்து என்று மட்டும் எல்லோருக்கும் கட்டளையிட்டீர்கள். உண்மை முழுதும் தெரியாமல் நாங்கள் அதைத் தங்கள் பிடிவாதம் என்று முணுமுணுத்தோம். அதற்காக வெட்கப்படுகிறோம், ஐயா.

சென்ற ஞாயிறு சதீசன் சிவரூபி அவர்களைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"என் கையி எப்பவோ சரியாயிருச்சு தம்பி. ஐயா பேர்ல உள்ள கறதான் இன்னும் போகல. போயி அத சரிபண்ணுங்க."

வேலை இருந்தாலும் போனாலும் சரி என்று துணிந்து, மறுநாட் காலை சதீசன் நடந்ததை எழுதி முகாமையாளரிடம் கொடுத்தார்.

அன்பும் அறமும் ஒருங்கே அமைந்த ஐயா! தாங்களும் துணைவியார் விசாலாட்சி அம்மாவும் நோயற்று, நூறாண்டு கடந்து, பிள்ளைகள் சூழ மகிழ்ந்திருக்க வேண்டுகிறோம். வேலைத்தளத்தின் பக்கம் அடிக்கடி வாருங்கள். பிளக்குகளை ஒளித்துவைக்க மாட்டோம்.

இறுதியாக ஒன்று. நேற்று அந்தக் குறிப்பு தங்கள் கோப்பிலிருந்து நீக்கப்பட்டுச் சதீசனின் கோப்பில் சேர்க்கப்பட்டது. வேலை பறிபோகவில்லை, தங்கள் இடத்தில் அவரே வேலை பார்ப்பார், அதற்குரிய பதவி உயர்வு மட்டும் ஓராண்டு தள்ளிப்போகிறது. இதைக் கேட்டதும் எழுந்துபோய் முகாமையாளரிடம் தாங்கள் வாதாடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தங்கள் பணிக்காலம் முடியும் நான்கு மணி வரை காத்திருந்து இம்மடலை வாசிக்கிறோம். இனி அந்தப் பிழையைத் தங்களால் ஏற்க முடியாது, ஐயா.

நீங்காத நன்றியுடன்,
சதீசன், சிவரூபி, ரிப்கான், குணமணி
மற்றும் பதுளை மோட்டார் வேலைத்தள ஊழியர்கள்