காறை எலும்புதானேங்கறாங்க!

...காறை எலும்புதானேங்கறாங்க அம்மிணி! பாக்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தரு பாக்கியில்ல. எங்களுக்குன்னு வாங்கியாந்த ஆரஞ்ச அவங்களே உரிச்சுத் தின்னுக்கிட்டு, "இதுக்கெல்லாமா ஆப்பரேசனு?"ங்கறாங்க. பக்கத்துக் கட்டில்லதான இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க.

ஒடஞ்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. ஒடையல. கழுத்துக்குக் கீழ நடுநெஞ்சுல வந்து சேருதில்ல, அந்த முனை களண்டு உள்ளாற போயிருச்சு. உள்ளாற! ஊரு ஒலகத்துல எல்லாத்துக்கும் வெளிய துருத்துமாம். எங்கூட்டுக்காரருக்கு மட்டும் உள்ள போயி மூச்சுக்கொழாய அமுக்கிக்கிட்டு உக்காந்திருச்சு. இதுலயும் தனி ரகந்தான் அவரு.

எங்கூரு டாக்டரு எக்ஸ்ரேயப் பாத்துட்டு, "சதைப்புடிப்பு, தைலம் தேய்ங்க"ன்னாரு. தேச்சேன். தேய்க்கத் தேய்க்க மனுசனுக்குத் தண்ணியே எறங்கல, பேச்சு கரகரங்குது! சேலத்துக்கு ஓடியாந்தா, ஸ்கேனப் பாத்த டாக்டருக்கு மொகமே செத்துப்போச்சு. எலும்புக்குப் பின்னால பெரிய ரத்தக்கொழாயாம். இழுக்கறப்பக் கிழிஞ்சுதுன்னா அம்புட்டுத்தானாம். அதுக்குன்னு நெஞ்சு டாக்டரு ஒருத்தரு பக்கத்துலயே நிக்கோணுமாம். நின்னாருங்க! எலும்ப முன்னால இழுத்து, தொடையில இருந்து நாரு எடுத்து, லைசென்ஸுக்கு எட்டுப் போடுவமில்ல, அப்படிக் கோத்துக் கட்டியிருக்காங்க. நான் வெளிய உக்காந்து மாரியாத்தாளத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

எப்படி ஆச்சுங்கறீங்களா? எல்லாம் எங்கூட்டு வாசல்ல கேட்டு வெச்ச கொத்தனாரால வந்த வினை! கேட்டுத் தூண அத்தன கிட்டக்க வெச்சா காரு எப்படிங்க உள்ள போகும்? இவரு கிளீனரா இருந்து லாரி வாங்குன ஆளு. யாரு ரிவர்ஸ் எடுத்தாலும் ஓடிப்போயிப் பின்னால நின்னு, "வரட்டும், வரட்டும்"னு வண்டியத் தட்டோணும். ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா போ. கலியாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு இதே பாடந்தான்.

அன்னைக்கு... தூணுக்கும் காருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, படபடபடன்னு தட்டுனாரு. ஒரே தட்டாத் தட்டியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டனா? அத்தன தட்டு தட்டுனா என்னங்க அர்த்தம்? "சீக்கிரம் வா"ங்கறாராட்டம்னு இன்னுங் கொஞ்சம் அமுக்கிட்டேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, ஓட்டுனது நாந்தான். சொல்லிக்குடுத்தவரு அவருதான!

எலும்பு கூடிருமாம். பேச்சு பழையபடி வருமான்னு கேட்டா, "பாக்கலாம்மா"ங்கறாரு டாக்டரு. என்னத்தப் பாக்கறது? இந்த மனுசன் திட்டாம எனக்குப் பொழுது எப்படிப் போகும் அம்மிணி? வாயத் தொறந்து என்னைய ஒரு வார்த்த திட்டிப்போட்டாருன்னாப் போதும்...

இருங்க இருங்க, முழிச்சுட்டாரு! ஏனுங்க... நாந்தானுங்க. வலிக்குதுங்களா? அந்தக் கொத்தனாருக்குப் போன் போட்டு நல்லா நாலு கேள்வி கேட்டுட்டேன், நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. தூண இடிச்சுப்போட்டு அக்கட்டால தள்ளி... என்னங்க? கட்டில் கம்பிய எதுக்குத் தட்டறீங்க?

ஒரு தட்டு.

...சரிங்க. நிறுத்திட்டேன்.