சம்பந்தியம்மாள் பாஸ்போர்ட்டில் பொட்டு வைத்தது குறித்து

என் பெயர் சின்னாத்தாள், வயது 57, கணவர் பெயர் கருப்புசாமி. அன்னூரில் குடியிருந்துகொண்டு இட்லி மாவு அரைத்து விற்று வருகிறேன். என் ஒரே மகள் யுவஸ்ரீயும் மாப்பிள்ளை சசிதரும் பாங்காக்கில் வேலை பார்க்கிறார்கள். கைக்குழந்தையான பேரனை நானும், சூலூரில் இருக்கும் மாப்பிள்ளையின் தாயார் நாகமணியும் முறை வைத்துப் போய்ப் பார்த்துக்கொள்வதாக முடிவானது.

அதன்பேரில் இருவரும் காந்திபுரத்தில் டிக்கெட் போடும் அக்பர் அலியிடம் போனோம். அவர், "விசா இல்லாமயே அறுபது நாள் இருக்கலாமுங்க. அடிக்கடி போனா ஏர்போர்ட்டுல கேள்வி கேப்பாங்க. பல தடவை போய் வர்ற டூரிஸ்ட் விசா எடுத்தா தொந்தரவு இல்லீங்க, ஆனா நாளாகும்" என்றார். நாகமணி விசாவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தார். பையன் என் மடியில்தான் முதலில் வளர வேண்டும் என்று நான் விசா இல்லாமலே கிளம்பிவிட்டேன்.

அப்படியே இரண்டு தடவை போய் இருந்து வந்தேன். மூன்றாம் தடவை பாங்காக் ஏர்போர்ட்டில் முத்திரைகளைப் பார்த்துவிட்டு, இங்கேயே குடியிருக்கிறாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேரனுக்குக் கொண்டுபோன ராகி மாவும் என்னோடு திரும்பி வந்தது. பின்பு விசாவுக்கு எழுதிப்போட்டும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு என் முறைக்கும், விசா கிடைத்திருந்த நாகமணியே போனார். ஒருநாள் வீடியோ காலில் பேரன் அவரை அம்மாயி என்று கூப்பிட்டான். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவள்தான் அம்மாயி, அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. "நாஞ் சொல்லிக் குடுக்கலீங் சம்மந்தி, அவனாத்தான் கூப்புடறான்" என்று நாகமணி சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு நாகமணி ஊர் வந்திருந்த சமயம், ஆயுத பூஜைக்கு அவர் தன் தறிக்கூடத்துக்கு அழைத்ததால் போனேன். பில் புக், வண்டிச் சாவியோடு தன் பாஸ்போர்ட்டையும் சாமி முன் வைத்திருந்தார். மறு வாரம் அவருக்குப் பயணம். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுப்போடுங்க, உங்க கை ராசியான கை" என்று சொல்லிவிட்டுப் பொரிகடலை கலக்கப் போனார். பாஸ்போர்ட்டுக்கு அட்டைமேல் வைத்தால் துடைத்துவிடுவார் என்பதால் பிரித்து, போட்டோவும் நம்பரும் மறையச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, ஈரத்தோடு மூடி, மேலே பில் புக்கை வைத்து அழுத்தினேன்.

பூஜையில் வைத்ததைப் பிரிக்காமல் நாகமணி அப்படியே எடுத்துப் போயிருக்கிறார். கோயமுத்தூர் ஏர்போர்ட் கவுண்டரில் பிரித்தபோது பக்கங்கள் ஒட்டிக் கிழிந்து, அவரைப் பயணம் செய்ய விடவில்லை. அதன் பிறகு அவர் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். பக்தியில் தெரியாமல் வைத்துவிட்டதாகச் சொல்லச் சொல்லி என் கணவர் கெஞ்சுகிறார். தெரிந்துதான் வைத்தேன்.

இப்போது எங்கள் இருவராலும் போக முடியவில்லை. மகளும் மாப்பிள்ளையும் அங்கே பக்கத்து வீட்டுத் தாய்லாந்துக்கார அம்மாவிடம் பேரனை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நேற்று மகள் போனில், "அவங்களையும் அம்மாயின்னுதாம்மா கூப்புடறான்" என்றாள்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை, சொன்னபடியே எழுதியிருக்கிறது. அம்மாயி என்று வரும் இடங்களை மட்டும் அடித்துவிடக் கேட்டேன், முடியாது என்றதால் அப்படியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சின்னாத்தாள்